கழிப்பறைக் கதவும் கத்தரி அக்காவும்

இருபத்திரண்டு வருடமாக எங்கள் வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கிறேன். காலை ஆறு ஐம்பது, மதியம் ஒன்று பத்து. உச்சரிப்பில் ஒரு பிசிறு கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊரே என் குரலை அறியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன் நான். கடைசியில் ஊர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டது இரண்டே இரண்டு சொற்களால். அதுவும் கழிப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்ன சொற்கள். அதற்குக் காரணமானவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவளைத் திட்டுவதற்காக இல்லை. நடுநடுவே கொஞ்சம் திட்டுவேன், அது வேறு.

நிலையத்தில் அவளைக் கத்தரி என்பார்கள். சின்னவர்களுக்குக் கத்தரி அக்கா. ராக் பாட்டுகளில் வரும் கெட்ட வார்த்தைகளை வெட்டுவது அவள் வேலை. தினமும் காலை பதினொரு மணிக்கு எங்கள் நிலையத்தில் ஒரு மணி நேரம் ராக் பாட்டு ஓடும். அதைப் பாட்டு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இந்தப் பாடகர்களுக்கு ஏனோ வாய் சுத்தமாக இருப்பதில்லை. காதலி போனாலும் அதே வார்த்தை, வேலை போனாலும் அதே வார்த்தை, சைக்கிள் டயரில் காற்றுப் போனாலும் அதே வார்த்தை. கடையிலும் பேருந்திலும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு அதை அப்படியே போட முடியுமா? ஒன்று தப்பிப் போனாலும் மேலிடத்திலிருந்து காரசாரமாகக் கடிதம் வந்துவிடும்.

அவள் முதலில் டெலிபோன் எடுக்கத்தான் வந்தாள். நேயர்களின் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் பீப் என்று ஒரு சத்தம் போடுவார்கள். இரண்டு வருடம் புகார் கேட்டவள் ஒருநாள் அப்போதைய மேலாளர் அறைக்குள் நுழைந்து, “சார், பத்துல எட்டுப் பேரு பீப்பைத்தான் திட்டறாங்க. பீப் இல்லாமலே வெட்டலாம். ஒரே ஒரு நாள் கொடுத்துப் பாருங்க” என்றாள். டெலிபோன் எடுக்கிறவள் சொல்லி நாம் கேட்பதா என்று அவர் நினைத்திருக்கலாம். வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு டேப்பையும் பிளேடையும் கொடுத்தார். அன்று மாலை அவள் வெட்டி ஒட்டிய பாட்டை மூன்று முறை ஓடவிட்டும் எங்கே வெட்டினாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிளேடு போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பேர் கத்தரியாகவே நின்றுவிட்டது.

“பீப் போடறதுன்னா, இதோ இங்கதான் அந்த வார்த்தை இருக்குன்னு விரல் வச்சுக் காட்டறது அண்ணே” என்பாள் என்னிடம். அதனால் அவள் பீப் போடுவதில்லை, வெறும் மௌனமும் விடுவதில்லை. அதே பாட்டில் வேறோர் இடத்திலிருந்து ஒரு டிரம் அடியையோ, கிடார் ஓசையின் வாலையோ, பாடகன் மூச்சிழுப்பதையோ எடுத்து அந்த ஓட்டையில் ஒட்டுப் போடுவாள். இரண்டே சட்டம் வைத்திருந்தாள். ஒட்டுத் துணி அதே பாட்டில் இருந்து வர வேண்டும். ஓட்டையின் அளவு ஒரு இம்மியும் கூடவோ குறையவோ கூடாது.

“கூடினா என்ன ஆகும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“டிரம்ஸ்காரர் என்னைத் திட்டுவார்.”

“அவர் உன்னைப் பார்த்ததே இல்லையே.”

“பார்க்கலைன்னா திட்டமாட்டாரா?” என்றாள்.

இரண்டாம் மாடியில் நடைபாதை முடியும் இடத்தில் அவள் அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. கை வைக்கும் இடத்தில் உறை கிழிந்து டேப் சுற்றிய ஒரு நாற்காலி. நாள் முழுக்கக் காதில் வசவு வாங்கிக்கொண்டு, நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கித் திரையில் கோடு கோடாக ஓடும் ஓசையை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் என்ன வெட்டினாள், எதை ஒட்டினாள் என்பதெல்லாம் கோடு போட்ட நோட்டில் குண்டு குண்டாக எழுதியிருக்கும். அப்படி எழுதி முடித்த நோட்டுகள் பதினேழு.

வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறை. புருஷன் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் மேஸ்திரி. வாய் திறந்தால் காசு போய்விடும் என்கிற மாதிரி பேசும் நல்ல மனிதர். ஒரே பெண், பதினாறு வயது. சுவரெல்லாம் நீள முடிக்காரர்களின் படம் ஒட்டியிருப்பாள். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், “ஆபீஸ் வேலை” என்று மென்று முழுங்கிவிடுவாளாம். “நீ வெட்டின பாட்டை எங்க கிளாஸ்ல ஒருத்தரும் கேக்கறதில்லம்மா. ஒரிஜினல் எல்லார் போன்லயும் இருக்கு” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். கத்தரி என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது.

நான்கு பையன்கள் சேர்ந்த ஒரு குழு. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவன் முதலாளியின் பூட்டிய அறை முன்னால் நின்று கத்துவதுதான் பாட்டு. எல்லாக் கருவியும் சட்டென்று நின்றுவிடும். “கதவைத் திறடா” என்பான் பாடகன். பிறகு அந்த வார்த்தை, நீட்டி முழக்கி. பிறகு டிரம்ஸ் இடிபோல இறங்கும். இப்படி மூன்று இடத்தில்.

கத்தரி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். சுற்றிலும் மௌனமாக இருக்கிற இடத்தில் டிரம்மை எடுத்து ஒட்டினால் பொய்யென்று பல்லிளித்தது. மூச்சை ஒட்டினால் பாடகனுக்கு ஆஸ்துமா என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை, பூட்டிய கதவு முன்னால் நிற்கிறவன் வேறென்ன செய்வான், தட்டுவான் என்று அவளுக்கு உதித்திருக்கிறது. வெளிச் சத்தத்தைப் பாட்டுக்குள் விடக்கூடாது என்பது அவள் சட்டம். குழுவோடு போட்ட ஒப்பந்தமும் அதைத்தான் சொன்னது: எடுக்கலாம், சேர்க்கக்கூடாது. தெரிந்தே இரண்டையும் மீறினாள்.

ஒலிப்பதிவு அறைக் கதவுகள் எல்லாம் பஞ்சு வைத்தவை. தட்டினால் செத்த சத்தம்தான் வரும். நிலையத்திலேயே நன்றாகச் சத்தம் வரும் கதவு, இரண்டாம் மாடிக் கழிப்பறையின் மெல்லிய பலகைக் கதவு. ஒலிவாங்கியோடு வந்து டொக் டொக் என்று தட்டினாள். உள்ளே நான் இருந்தேன். ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். எரிச்சலோடு, “ஆள் இருக்கு!” என்றேன்.

நான் போன பிறகு அவள் இன்னும் இரண்டு தடவை தட்டிச் சுத்தமாகப் பதிவு செய்துகொண்டாள். ஆனால் ஓட்டையின் அளவைச் சரிபார்ப்பதற்காக முதல் பதிவைத்தான் மூன்று இடத்திலும் போட்டு வைத்திருந்தாள். தட்டு இரண்டும் என் குரலும் சேர்ந்து அந்த ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்ததாம். மாற்றுவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து டெலிபோன்: மகளுக்குக் காய்ச்சல். போட்டது போட்டபடி ஓடினாள். அறிவிப்பாளன் பாட்டு தயார் என்று நினைத்துப் பதினொரு மணிக்கு எடுத்துப் போட்டுவிட்டான்.

பாட்டில் அவன் “கதவைத் திறடா” என்று தொண்டை கிழியக் கத்துகிறான். டொக் டொக். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சற்று மங்கலாக, ஆனால் பழுதற்ற உச்சரிப்போடு என் குரல், “ஆள் இருக்கு!” டிரம்ஸ் இறங்குகிறது.

ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

மதியத்துக்குள் டெலிபோன் ஓயாமல் அடித்தது. புகார் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் அந்த “ஆள் இருக்கு” பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். மறுநாள் முடி வெட்டப் போன இடத்தில் கடைக்காரர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். பேருந்தில் கம்பியைத் தட்டினார்கள். “இருபத்திரண்டு வருஷமா உலக நடப்பு வாசிச்சீங்க, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. இப்பப் பாருங்க” என்று என் மனைவி வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள். நான்கு நாள் கத்தரியோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் என் மேசை முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, தப்பு என்மேலதான். இன்னிக்கே உங்க குரலை எடுத்துடறேன்.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று வந்தது. மனிதனுக்குப் புகழாசை எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பாட்டு ஊரையே பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்தில் பெரிய மைதானத்தில் அந்தக் குழுவின் கச்சேரி. எங்கள் நிலையம் அதை நேரடியாக ஒலிபரப்பும் என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் பாடகன் நிலையத்துக்கு வந்தான். ஒல்லியான பையன், கண் இரண்டும் கோபத்தில் சிவந்திருந்தன.

“யாருங்க என் பாட்டுக்குள்ள கக்கூஸ் கதவைத் தட்டினது?”

நான் மெதுவாகச் சுவர் ஓரம் ஒதுங்கினேன். கத்தரி எழுந்து நின்றாள். “நான்தான் தம்பி.”

“எங்கப்பாவை வேலையை விட்டு அனுப்பினப்போ, அந்தக் கதவு முன்னாடி அவர் சொன்ன வார்த்தைங்க அது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதை எடுத்துட்டுக் காமெடி பண்ணியிருக்கீங்க.”

“அந்த வார்த்தை எனக்குப் புரியும் தம்பி. பஸ்ல கால மிதிச்சாலே எனக்கு அது வாயில வரும். ஆனா காலையில பதினோரு மணிக்குக் கேக்கறவங்கள்ள மூணு வயசுப் பிள்ளையும் இருக்கு. நான் வெட்டித்தான் ஆகணும். உங்க பாட்டுல ஒரு நொடிகூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்ல. அளந்து பாருங்க.”

“மேடையில முழுசா பாடுவேன். மூணு தடவையும். முடிஞ்சா வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. சொன்ன ஒலிபரப்பை நிறுத்த அவருக்கு மனமில்லை, பாரத்தைச் சுமக்கவும் மனமில்லை. கத்தரியைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரே ஒரு தடவை அது ஒலிபரப்பாச்சுன்னாலும் ராக் நேரத்தை மூடிடுவேன். ராக் இல்லன்னா வெட்ட ஆள் எதுக்கு? உங்க நாற்காலியும் கிடையாது.”

அறையை விட்டு வந்தவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணே. இது ஒண்ணுதான் தெரியும். ஆனா இதை நான் நல்லா செய்வேன்” என்றாள். கண் நிறைந்திருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் தெரியாத வேலையில் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் நாற்காலிமேல்தானா இவர்களுக்குக் கண்?

நேரடி ஒலிபரப்பில் மேடையில் நடப்பது ஏழு நொடி தாமதமாகத்தான் வானொலியில் போகும். தப்பான வார்த்தை வந்தால் அந்த ஏழு நொடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் அந்தத் துண்டை முழுங்கிவிடும். ஆனால் ஒரு தடவை முழுங்கினால் மறுபடி ஏழு நொடியைச் சேர்த்துவைக்க அதற்குப் பத்து நிமிடம் வேண்டும். பாட்டோ மொத்தம் நான்கு நிமிடம். முதல் வார்த்தையை அவள் பிடிக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் நேரே ஊர் காதில் போய் விழும்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. மைதானத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். இருபதாயிரம் பேர் இருப்பார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் எங்கள் வேன். உள்ளே கத்தரி, அவள் முன்னால் சிவப்புப் பொத்தான், பக்கத்தில் நான். பொத்தானை அழுத்தினால் இடையில் இரண்டு வார்த்தை பேசிச் சமாளிக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். மகளும் எங்கோ கூட்டத்தில் தோழிகளோடு நின்றாள்.

ஒரு மணி நேரம் ஆபத்தில்லாமல் போனது. பிறகு பாடகன் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் வேன் பக்கம் திரும்பி, “அடுத்த பாட்டு முழுசா வரும்” என்றான். கூட்டம் ஓவென்று கத்தியது. கத்தரி பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

கருவிகள் ஏறின, ஏறின, சட்டென்று நின்றன. “கதவைத் திறடா!” என்று பாடகன் கத்தினான். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தான்.

டொக் டொக்!

இருபதாயிரம் பேர். தகரத் தடுப்பில், தண்ணீர் பாட்டிலில், முன்னால் நிற்கிறவன் முதுகில், கைக்கு எது கிடைத்ததோ அதில். வேன் தரை அதிர்ந்தது. பிறகு ஒரே தொண்டையாக, “ஆள் இருக்கு!” டிரம்ஸ் இறங்கியது.

பாடகனின் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது. அவன் சத்தம் கேட்கவில்லை. கத்தரி ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள். “கேட்டுச்சா அண்ணே?”

“எனக்கு என் குரல்தான் கேட்டுச்சு.”

ஏழு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

பாடகனும் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டாவது இடத்தில் அவன் “கதவைத் திறடா” என்று மட்டும் கத்திவிட்டு, கூட்டம் தட்டி முடித்துக் கத்தி ஓய்ந்த பிறகு வார்த்தையை விடலாம் என்று காத்தான். டொக் டொக். ஆள் இருக்கு. அந்த நொடியே டிரம்ஸ் அவன் தலையில் இறங்கிவிட்டது. இடமே இல்லை! கூட்டம் பாடியது கத்தரி போட்ட ஒட்டுத் துண்டை அல்லவா. ஓட்டை எவ்வளவோ ஒட்டும் அவ்வளவே. ஒரு இம்மி கூடவில்லை, குறையவில்லை. பஞ்சு அறையில் அவள் தனியாக உட்கார்ந்து அளந்த அளவு இருபதாயிரம் பேர் வாயில் பிசகாமல் நின்றது. நான் வேனுக்குள் எழுந்து நின்று கைதட்டினேன். கூரையில் தலை இடித்தது. அந்த இரைச்சல் அன்றைக்குத்தான் எனக்குப் பாட்டாகக் கேட்டது.

ஒவ்வொருவர் போனிலும் ஒரிஜினல் இருக்கிறது. கெட்ட வார்த்தை தெரியாத குழந்தை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இல்லை. தெரிந்துதான் தட்டினார்கள்.

மூன்றாவது இடம் வந்தபோது பாடகன் கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டு, கிடாரின் மரத்தில் தன் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். கத்தரி பொத்தானை விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அழுதாள், நன்றாகவே அழுதாள். என் கைக்குட்டை திரும்பி வரவில்லை, இன்றுவரை.

கச்சேரி முடிந்ததும் மேலாளர் போனில் கூப்பிட்டு, தானே எல்லாவற்றையும் திட்டமிட்டவர் மாதிரி பேசினார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு இதைத்தான் முதல்ல போடறோம்” என்றார். அவள் நோட்டைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு, அந்தப் பாட்டுக்கு நேரே எழுதினாள்: வெட்டு இல்லை.

வேன் கதவைத் திறந்தால் வெளியே பாடகன் நின்றான். “அக்கா, அதுக்குள்ள என்னால மூச்சுகூட விட முடியல. எப்படி அளந்தீங்க?”

“நான் எங்க அளந்தேன்? நீங்க விட்ட இடம்தானே தம்பி அது” என்றாள். கொஞ்சம் தயங்கி, “அப்பாகிட்ட சொல்லுங்க. அவருக்காக இத்தனை பேர் கதவைத் தட்டினாங்கன்னு” என்றாள். அவனுக்குப் பின்னால் நின்ற பருமனான டிரம்ஸ்காரர் இரண்டு கையையும் நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். திட்டவில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகள் வந்தாள், நான்கு தோழிகளை இழுத்துக்கொண்டு. தகரத்தைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்தது. மூச்சு வாங்க, “இவங்கதாண்டி! அந்தப் பாட்டை வெட்டினது எங்கம்மாதான்!” என்றாள்.

“அப்போ உள்ள இருந்த ஆள் யாருடி?” என்றாள் ஒருத்தி.

மகள் என்னைக் காட்டினாள். “செய்தி வாசிக்கற மாமா. மாமா, ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ப்ளீஸ்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைப்புச் செய்தி வாசிக்கும் தோரணையில் சொன்னேன். கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டாம் மாடி நடைபாதையில் போனேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. பஞ்சு வைத்த கதவு, செத்த சத்தம்தான் வரும் என்று தெரிந்தும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

“ஆள் இருக்கு!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.